உழவர் முதுகும் மூட்டும்: காயங்களை அறிவோம், ஆற்றுவோம், மீண்டும் வராமல் காப்போம்

உழவுமாடு ஒன்று ஏரில் போகும்போது சற்று நொண்டினால் நாம் என்ன செய்கிறோம்? உடனே நுகத்தடியிலிருந்து அவிழ்த்துவிடுகிறோம். குளம்பைத் தூக்கிப் பார்க்கிறோம். அன்று மாலையே கால்நடை மருத்துவரிடம் ஓட்டிச் செல்கிறோம். ஆனால் மாட்டை ஓட்டியவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால், தைலம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டு மறுநாளும் அதே வேலைக்குப் போகிறார். அல்லது வலி தாளாமல் ஒரு மாதம் கட்டிலோடு கிடக்கிறார். இந்த இரண்டுமே தவறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உழவியல் ஆசிரியர் ஒருவர் உடல் நோயைப் பற்றி எழுதலாமா என்று உழவர் பெருமக்கள் கேட்கலாம். நடவு, களை, அறுவடை என்று நாங்கள் பரிந்துரைக்கும் ஒவ்வொரு வேலையையும் ஒரு மனித முதுகுதான் செய்து முடிக்கிறது. நட வேண்டிய இடைவெளியைச் சென்டிமீட்டர் கணக்கில் சொல்லிவந்த நாங்கள், நடுகின்றவர் எத்தனை மணி நேரம் குனிந்திருக்கிறார் என்பதை அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. மேலும், ஆய்வு வயலில் யூரியா மூட்டை ஒன்றை அவசரமாகத் தூக்கித் திருப்பியதில் எனக்கே முதுகு பிடித்து, பத்து நாள் அசையாமல் படுத்திருந்து வலியை வளர்த்துக்கொண்ட அனுபவமும் உண்டு. "எழுந்து நடங்கள்" என்று மருத்துவர் சொன்ன பிறகே குணம் தெரிந்தது. அதன் பின் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

முதுகெலும்பின் அமைப்பு

முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்புக்கு மேல் 5 என 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே ஒன்றாய் இணைந்த எலும்புகள் உள்ளன. அடுக்கின் நடுவே உள்ள குழாயில் தண்டுவடம் பத்திரமாக இறங்குகிறது. அதிலிருந்து கிளைக்கும் நரம்புகள் இரு பக்கமும் வெளிவந்து கை, கால்களுக்குச் செல்கின்றன.

முள்ளெலும்புகளுக்கு இடையே ரப்பர் போன்ற தட்டுகள் உள்ளன. மக்கள் "ஜவ்வு" என்றும் "டிஸ்க்" என்றும் சொல்வது இதைத்தான். இதன் வெளிப்பகுதி பல சுற்று நார்களால் ஆனது. உட்பகுதி நுங்கு போல் நீர் நிறைந்தது. பகல் முழுவதும் உடல் எடை அழுத்துவதால் தட்டிலுள்ள நீர் சிறிது வெளியேறுகிறது. இரவில் படுத்திருக்கும்போது மீண்டும் நீரை ஈர்த்துக்கொள்கிறது. காலையில் நம் உயரம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டர் அளவு கூடுதலாக இருப்பது இதனால்தான்.

இதிலிருந்து இரண்டு செய்திகளை அறியலாம். முதலாவது, வளர்ந்தவர்களின் தட்டுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. அருகிலுள்ள எலும்பிலிருந்து ஊட்டம் மெல்லக் கசிந்துதான் அதற்குள் செல்ல வேண்டும். உடல் அசைவு இதற்குத் துணை செய்கிறது. ஆகவே நாள் கணக்கில் அசையாமல் கிடப்பது தட்டுக்கு நன்மை தராது. இரண்டாவது, தூங்கி எழுந்தவுடன் தட்டு நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் ஆழக் குனிவதும் பளு தூக்குவதும் கூடுதல் ஆபத்து. எழுந்தவுடன் சாணக்கூடையைத் தூக்காமல் அரைமணி நேரம் நடமாடிவிட்டுத் தூக்குவது நலம்.

ஏற்றமரக் கணக்கு

முன்பு கிணற்றில் கட்டிய ஏற்றத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். நீண்ட முனையில் சால் தொங்கும். குட்டையான முனையில் அதைவிடப் பன்மடங்கு கனமான கல்லைக் கட்டினால்தான் மரம் சமன்படும். நம் இடுப்பும் அதே கணக்கில்தான் வேலை செய்கிறது.

20 கிலோ கூடையைக் கையை நீட்டி, முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். அதைத் தாங்கும் முதுகுத் தசையோ முள்ளெலும்பின் நடுவிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்திலேயே உள்ளது. ஆகவே அத்தசை பத்து மடங்கு, அதாவது 200 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். அதே கூடையை உடலோடு அணைத்து 20 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 80 கிலோ விசை போதும். கூடையின் எடையைக் குறைக்காமலே இடுப்பின் பாரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடலாம்.

வெறுங்கையோடு குனிந்தாலும் பாரம் உண்டு. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் தலை, கைகள், மார்பு, வயிறு எல்லாம் சேர்ந்து சுமார் 35 கிலோ இருக்கும். குனிந்து நிற்கையில் இந்த எடை முழுவதும் முன்னே தள்ளித் தொங்குகிறது. நடவு நடும் பெண் கையில் ஒரு பிடி நாற்றுதான் வைத்திருக்கிறார். ஆனால் அவர் இடுப்பு மணிக்கணக்கில் மூட்டை சுமப்பதற்கு ஒப்பான பாரத்தைச் சுமக்கிறது.

முதுகுப் பிடிப்பு: முதல் சில நாட்கள்

மூட்டை தூக்கும்போதோ, மண்வெட்டியால் வெட்டித் திரும்பும்போதோ சுரீர் என்று பிடித்துக்கொள்ளும் வலி பெரும்பாலும் தசையிலும் எலும்புகளைப் பிணைக்கும் நார்களிலும் ஏற்படுவது. வலி கடுமையாக இருப்பதால் காயமும் பெரிது என்று அஞ்ச வேண்டியதில்லை. இவ்வகை வலியில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே நன்கு குறைந்துவிடும். எக்ஸ்ரே, ஸ்கேன் ஆகியவை தொடக்கத்தில் எல்லோருக்கும் தேவையில்லை. வலியே இல்லாத நடுத்தர வயதினர் பலருக்கும் ஸ்கேனில் தட்டுத் தேய்மானமும் பிதுக்கமும் தெரிவதுண்டு. ஆகவே படத்தை மட்டும் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் கீழ்க்கண்டவாறு நடந்துகொள்ளவும்.

1. வலி மிகும்போது மல்லாந்து படுத்து முழங்காலின் கீழ் தலையணை வைத்துக்கொள்ளவும். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களின் இடையே தலையணை வைக்கவும். பகலில் தொடர்ந்து படுத்தே இருக்க வேண்டாம்.

2. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து வீட்டுக்குள் 5 முதல் 10 நிமிடம் மெல்ல நடக்கவும்.

3. தரையில் சம்மணமிட்டு நெடுநேரம் உட்கார வேண்டாம். நேரான நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காரலாம்.

4. சூடு பொறுக்கும் அளவில் வெந்நீர் ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம் தரலாம். இதனால் தசை இறுக்கம் தளரும். சர்க்கரை நோயால் தோல் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை இன்னொருவர் கையால் சோதித்த பிறகே ஒத்தடம் தர வேண்டும்.

5. எழும்போது நேராக நிமிராமல், ஒரு பக்கம் திரும்பிக் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழவும்.

முதுகில் ஏறி மிதிப்பது, இடுப்பை முறுக்கிச் சொடுக்கு எடுப்பது ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

காலுக்கு ஓடும் வலி

தட்டின் வெளி நார்கள் கிழிந்து உள்ளிருக்கும் பொருள் பிதுங்கி நரம்பை உறுத்தினால், வலி பிட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் போல ஓடும். இருமினாலும் தும்மினாலும் அதிகமாகும். மரத்துப்போதலும் இருக்கலாம். "ஜவ்வு விலகிவிட்டது, அறுவை செய்தால்தான் உண்டு" என்று பலர் கலங்கிவிடுகிறார்கள். உண்மையில் இவர்களிலும் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் அறுவையின்றியே வலி தணிகிறது. பிதுங்கிய பகுதி நாளடைவில் சுருங்குவதும் உண்டு.

குணமாகிறதா என்பதை நீங்களே அறிய ஓர் எளிய அடையாளம் இருக்கிறது. பாதத்திலிருந்த வலி கெண்டைக்காலுக்கும், பின் தொடைக்கும், பின் இடுப்புக்கும் மேலேறிச் சுருங்கினால் நல்ல அறிகுறி. இடுப்பில் சற்று வலி கூடினாலும் கவலை இல்லை. மாறாக வலி கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே போனால், செய்யும் வேலையையோ பயிற்சியையோ நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியத்தில் காலம் கடத்தலாகாது.

1. சிறுநீர் இறங்காமல் அடைத்துக்கொள்ளுதல், அல்லது சிறுநீர், மலம் தாமாகப் போய்விடுதல், அல்லது ஆசனவாயைச் சுற்றியும் தொடையிடுக்கிலும் மரத்துப்போதல். இது கீழ் முதுகின் நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளம். அன்றைய தினமே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு நாள் தாமதம் வாழ்நாள் ஊனத்தில் முடியக்கூடும்.

2. கால் வலுவிழத்தல், செருப்பு தானாகக் கழலுதல், பாதம் தொங்கித் தரையில் இழுபடுதல்.

3. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் வலி மிகுதல். முதுகெலும்பைக் காசநோய் தாக்கும்போது இவ்வாறு நேரும். முழுக் காலமும் மருந்து உட்கொண்டால் இது குணமாகும் நோய். கால்நடை வைத்திருப்போர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பதாலும், காய்ச்சாத பாலைப் பருகுவதாலும் புரூசெல்லா என்னும் கிருமி மனிதருக்கும் தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடு முதுகு, மூட்டு வலியைத் தரும். மருத்துவரிடம் மாடு வளர்ப்பதைத் தவறாமல் சொல்லுங்கள்.

4. முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாக வரும் முதுகு வலி.

5. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் முதியவர்களுக்கும், இலேசாக விழுந்த பிறகோ புல்லுக்கட்டு தூக்கிய பிறகோ திடீரென வரும் கடும் வலி. எலும்பு மெலிந்து முள்ளெலும்பு நொறுங்கியிருக்கலாம்.

மரத்திலிருந்து விழுந்தவரை எடுக்கும் முறை

தென்னை, பனையிலிருந்தும் கிணற்றுக்குள்ளும் விழுந்தவர்களுக்கு, விழுந்ததால் நேர்ந்த காயத்தைவிடத் தூக்கிய முறையால் நேரும் கேடு பெரிதாக இருப்பதுண்டு. பதற்றத்தில் இருவர் அக்குளிலும் காலிலும் பிடித்துத் தூக்க, உடல் நடுவில் வளைகிறது. உடைந்த முள்ளெலும்பு அப்போது தண்டுவடத்தை நசுக்கக்கூடும்.

விழுந்தவரை உட்காரவைக்கக் கூடாது. தண்ணீர் கொடுப்பதற்காகத் தலையைத் தூக்கவும் கூடாது. தலையையும் கழுத்தையும் ஒருவர் இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கிவரும் 108 ஊர்தியை அழைத்துவிட்டு, மூச்சு சீராக இருக்கிறதா என்று கவனித்தபடி காத்திருக்கவும். நீரில் கிடத்தல் போன்ற உடனடி ஆபத்து இருந்து நகர்த்தியே தீரவேண்டுமானால், நால்வர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு, கால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரே மரக்கட்டையைப் போலப் பக்கவாட்டில் உருட்டி, அகன்ற பலகை அல்லது கதவின்மேல் கிடத்த வேண்டும்.

கணுக்கால் சுளுக்கு

வரப்பில் வழுக்கிப் பாதம் உள்நோக்கி மடங்குவதால் கணுவின் வெளிப்பக்க நார்கள் இழுபட்டு வீங்குகின்றன. முதல் இரண்டு நாட்கள் எண்ணெய் தேய்த்து உருவுவதும் சூடு வைப்பதும் வீக்கத்தைப் பெருக்கும். மாறாகக் காலுக்கு ஓய்வு கொடுத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வீதம் ஒரு நாளைக்கு நாலைந்து முறை வைக்கவும். பனிக்கட்டி கிடைக்காவிடில் குளிர்ந்த நீரில் நனைத்த துணி உதவும். கிரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கவும்.

அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலும், கணுவின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பை அழுத்தினால் உயிர் போகும் வலி இருந்தாலும், எலும்பு முறிவு உள்ளதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். முறிவு இல்லையெனில், வலி பொறுக்கும் அளவில் சீக்கிரமே நடக்கத் தொடங்கலாம். வீக்கம் வடிந்த பின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் 30 வினாடி நிற்கும் பயிற்சியைத் தினமும் செய்து வரவும். இதைச் செய்யாமல் விட்டால் அதே கணு மீண்டும் மீண்டும் பிசகும்.

முழங்கால்

சேற்றில் கால் பதிந்திருக்க உடல் மட்டும் திரும்பினால் முழங்காலின் உள்ளே நார் அறுந்துவிடலாம், ஜவ்வும் கிழியலாம். காயம் பட்ட சில மணி நேரத்திலேயே முழங்கால் பெரிதாக வீங்கினாலும், கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலும், நடக்கும்போது நழுவினாலும் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் வேறு. இதற்கு நடப்பதை நிறுத்துவது மருந்தாகாது. தொடையின் முன்தசை வலுவாக இருந்தால் முழங்காலின் பாரத்தை அது பகிர்ந்துகொள்ளும். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின் கீழ் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி 5 வினாடி நிறுத்தவும். இவ்வாறு 10 முறை, காலையும் மாலையும் செய்யவும். பருத்த உடலினர் ஒரு கிலோ எடை குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறையும். பால் கறக்கவும் களை எடுக்கவும் குந்தி உட்காராமல் சிறு முக்காலியைப் பயன்படுத்தலாம்.

தோள்பட்டை

விழும்போது கையை ஊன்றுவதால் தோள் மூட்டு கழன்றுவிடுவதுண்டு. தோளின் உருண்டை வடிவம் மாறித் தட்டையாகத் தெரியும். அதை இழுத்துப் பொருத்த முயல வேண்டாம். அருகிலுள்ள நரம்பும் இரத்தக் குழாயும் கிழியும். துண்டைக் கழுத்தில் கட்டிக் கையைத் தாங்கவைத்து மருத்துவமனைக்குச் செல்லவும். அடி ஏதும் படாமலே தோள் மெல்ல இறுகிக் கை தூக்க வராமல் போவது சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம். அவர்கள் சர்க்கரை அளவையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கட்டும் மாத்திரையும்: எச்சரிக்கை

எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் வழக்கம் இன்றும் உள்ளது. கட்டு எவர் போட்டதாயினும், மருத்துவமனை மாவுக்கட்டாகவே இருந்தாலும், விரல்களைக் கவனியுங்கள். விரல் நீலம் பாரித்தாலும், வெளுத்துக் குளிர்ந்தாலும், மரத்துப்போனாலும், விரலை நீட்டும்போது தாங்கமுடியாத வலி எடுத்தாலும் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்று பொருள். துணிக்கட்டாயின் உடனே தளர்த்திவிட்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். மாவுக்கட்டாயின் கட்டுப் போட்ட இடத்துக்கே உடனே செல்லுங்கள். சில மணி நேரம் தாமதித்ததால் கையை இழந்தவர்கள் உண்டு.

கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை வலியை மறைக்கும், காயத்தை ஆற்றாது. டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கினால் குடலில் புண் ஏற்படும், சிறுநீரகம் கெடும், இரத்த அழுத்தம் உயரும். வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடலுக்குச் சிறுநீரக ஆபத்து இன்னும் அதிகம். இம்மருந்து ஏற்றப்பட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாய் அழிந்ததால்தான், 2006ல் கால்நடைகளுக்காக அதைத் தயாரிப்பதற்கு நம் நாட்டில் தடை விதிக்கப்பட்டது. பெயர் தெரியாத பொடிகளையும் தவிர்க்கவும். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி மாயமாய் மறையும். பின்னர் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும்.

படிப்படியாக வேலைக்குத் திரும்புதல்

பயிருக்கு உரத்தைப் பிரித்து இடுவதுபோல வேலையையும் பிரித்தே உடலுக்குத் தர வேண்டும். சாதாரண முதுகுப் பிடிப்புக்குக் கீழ்க்கண்ட அட்டவணை பொருந்தும்.

முதல் 3 நாட்கள்: வீட்டுக்குள் நடை.

4 முதல் 14 நாட்கள்: காலையும் மாலையும் 20 நிமிட நடை. மடை பார்த்தல், காவல், மேற்பார்வை போன்ற வேலைகள். 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம்.

3 முதல் 6 வாரங்கள்: 10 கிலோ வரை தூக்கலாம். குனியும் வேலையை அரைமணிக்கு மேல் தொடர வேண்டாம். டிராக்டர் ஓட்டி இறங்கியவுடன் பளு தூக்க வேண்டாம்.

6 வாரங்களுக்குப் பின்: வழக்கமான வேலை. அப்போதும் வலி குறையாவிடில் மருத்துவரிடம் மீண்டும் காட்டவும்.

வேலை செய்யும்போது சிறிது வலிப்பதில் தவறில்லை. மறுநாள் காலை வலி பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு வேலை உடலுக்கு ஏற்றது. மறுநாள் கூடியிருந்தால் வேலையைப் பாதியாகக் குறைக்கவும்.

இரண்டாம் வாரத்திலிருந்து பயிற்சிகளைத் தொடங்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மெல்லத் தூக்கி 5 வினாடி நிறுத்தி இறக்கவும். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பூனை சோம்பல் முறிப்பதுபோல முதுகை மேலே வளைத்துப் பின் தாழ்த்தவும். குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்தி ஒரு நிமிடம் இருக்கவும். ஒவ்வொன்றும் 10 முறை. குப்புறப் பயிற்சி 3 முறை போதும். இவற்றை ஒருமுறை இயன்முறை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்வது சாலச் சிறந்தது. தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து அறியவும். பீடி, சிகரெட் பிடிப்போருக்கு எலும்பும் தட்டும் ஆறுவது தாமதமாகும் என்பதையும் நினைவில் கொள்க.

வேலை முறையை மாற்றுவோம்

காயம் ஆறிய பின் அதே வேலையை அதே முறையில் செய்தால் வலி திரும்பவும் வரும். ஆகவே சிகிச்சையின் மறுபாதி வயலில்தான் இருக்கிறது.

மூட்டை: அமெரிக்க நாட்டின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1991ல் வகுத்த கணக்குப்படி, எல்லாச் சூழலும் சாதகமாக அமைந்தாலும் ஒருவர் திரும்பத் திரும்பத் தூக்கத்தக்க எடை 23 கிலோதான். நம் யூரியா மூட்டை 2018ல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. நெல் கொள்முதல் மூட்டை 40 கிலோ. இவையும் ஒருவருக்கு அதிகமே. எனவே இருவராகத் தூக்குங்கள். மூட்டைக்கு மிக அருகில் கால்களை அகட்டி நின்று, முழங்காலை மடக்கி, மூட்டையை உடலோடு அணைத்து எழவும். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதங்களை நகர்த்தித் திரும்பவும். களத்தில் மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் இடுப்புயர மேடையில் அடுக்கினால் பாதி வேலை குறையும்.

நடவு: 20 x 10 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு 50 குத்துகள், ஏக்கருக்குச் சுமார் 2 இலட்சம் குத்துகள் நட வேண்டும். செம்மை நெல் சாகுபடியில் 25 x 25 செ.மீ. எனும்போது சதுர மீட்டருக்கு 16, ஏக்கருக்குச் சுமார் 65 ஆயிரம் குத்துகளே. கை மூன்றில் ஒரு பங்கு முறைதான் சேற்றைத் தொடுகிறது. ஆனால் இடைவெளி கூடுவதால் களையும் கூடும். அதைக் குனிந்து கையால் எடுத்தால் நடவில் மிச்சமான வலி களையில் வந்து சேரும். ஆகவே நட்ட 10 நாள் முதல் கோனோவீடர் உருட்டுவது இன்றியமையாதது. அதன் கைப்பிடி உருட்டுபவரின் இடுப்புக்கும் முழங்கைக்கும் இடையே இருக்குமாறு அமைக்கவும். வசதியுள்ள இடங்களில் நடவு இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம். சமன்செய்த வயலாயின் உருளை விதைப்புக் கருவியால் நிமிர்ந்தபடியே நேரடியாக விதைக்கலாம். கைநடவே செய்வதாயின், அரைமணிக்கு ஒருமுறை எல்லோரும் நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னோக்கி 5 முறை வளைய வேண்டும். வயலுக்கு உரியவர்கள் இந்த இரண்டு நிமிடத்தை வீண் என்று கருதிக் கடிந்துகொள்ளலாகாது.

தெளிப்பான்: 16 லிட்டர் கைத்தெளிப்பான் நிறைந்தால் 20 கிலோவுக்கு மேல் கனக்கும். இடுப்புயரத் திண்டின்மேல் வைத்து நிரப்பி, அங்கிருந்தே முதுகில் மாட்டிக்கொள்ளவும். இரு பட்டைகளையும் தோளில் மாட்டவும். முதுகு வலி உள்ளவர்கள் பாதியளவே நிரப்பலாம்.

மண்வெட்டி: காம்பு குட்டையாயின் குனிவு அதிகமாகும். கொல்லரிடமோ தச்சரிடமோ சொல்லி, உங்கள் உயரத்துக்கு ஏற்ற நீண்ட காம்பு போட்டுக்கொள்ளுங்கள். இதற்குச் செலவு மிகக் குறைவு.

உணவு: எலும்பின் வலுவுக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. கூழாகவோ களியாகவோ வாரத்தில் சில நாட்கள் உண்பது நலம் பயக்கும்.

உழவர் பெருமக்களே! மோட்டார் பழுதானால் புதிய பாகம் மாற்றலாம். மாடு போனால் சந்தையில் இன்னொன்று வாங்கலாம். முதுகு ஒன்றுதான் உண்டு. முதுகு பிடித்தால் படுத்துவிடாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதே பாரத்தையும் சுமக்காதீர்கள். ஆபத்து அறிகுறிகளை அறிந்து, அளவோடு அசைந்து, படிப்படியாக வேலைக்குத் திரும்புங்கள். வீட்டில் நடவுக்கும் களைக்கும் செல்லும் பெண்களிடம் இக்கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். அடுத்த நடவுக்கு முன் நாற்றங்காலைத் தயார் செய்யும்போதே, அதை நடப்போகிறவர்களின் இடுப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.